பசியறிந்து வாங்குதல்: வேங்கிக்கால் வீடுகளில் கடல்நீர்த் தொட்டியும் அதன் துப்புரவு உயிரிகளும்

வீட்டில் வைக்கும் கடல்நீர்த் தொட்டியில் மீன்களோடு வேறு சில உயிர்களும் இடம்பெறுகின்றன. கண்ணாடியில் படரும் பாசியை மேயும் நத்தைகள், மீன் தின்னாமல் விட்ட தீனித் துணுக்குகளைப் பொறுக்கும் துறவி நண்டுகள், மணலுக்குள் மக்கும் கழிவை உண்ணும் புழுக்கள், மீனின் உடலில் ஒட்டியிருப்பதைக் கொத்தியெடுக்கும் இறால்கள் ஆகிய இவற்றையெல்லாம் சேர்த்துத் தொழிலில் உள்ளோர் ‘கிளீனப் குரூ’ என்பர். இங்கே அவை துப்புரவு உயிரிகள் எனப்படும். இவை அழுக்கைத் தொட்டியை விட்டு வெளியேற்றுவதில்லை, ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவுக்கு மாற்றுவதோடு இவற்றின் வேலை முடிந்துவிடுகிறது என்பதை வாங்குவோரில் பெரும்பாலோர் அறிவதில்லை. நத்தை தின்ற பாசியில் செரியாத பகுதி எச்சமாக மணலில் விழுகிறது. அதை நுண்ணுயிர்கள் சிதைக்க அம்மோனியா உண்டாகிறது. அது நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாறி, அடுத்த பாசிக்கு உரமாகத் திரும்புகிறது. இந்தச் சுழற்சியிலிருந்து கழிவை உண்மையில் வெளியே எடுப்பவை நீர்மாற்றமும், நுரையோடு கழிவைத் திரட்டித் தள்ளும் ஸ்கிம்மர் என்ற கருவியும், தொட்டிக்காரரின் கையில் உள்ள உறிஞ்சு குழாயும் மட்டுமே.

நத்தையைக் கொண்டு நீரைத் தெளிய வைக்கும் எண்ணம் மீன்தொட்டி தோன்றிய காலத்திலேயே பிறந்தது. இலண்டன் வேதியியலரான ராபர்ட் வாரிங்டன் 1850-ஆம் ஆண்டளவில் தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் ஒரே கலத்தில் வைத்து, செடி வெளியிடும் ஆக்சிஜனைக் கொண்டே மீன் வாழும் என்று காட்ட முனைந்தபோது, அழுகிய இலைகள் நீரைக் கெடுத்தன. குளத்து நத்தைகளை அவர் உள்ளே விட்டதும் அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது, நத்தையிட்ட முட்டைகளும் மீனுக்கு இரையாயின. பின்னர் அவரே கடல்நீரிலும் இதைச் செய்து பார்த்தார். சென்னையில் 1909-இல் கடற்கரையை ஒட்டித் திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப்போரின்போது மூடப்பட்ட மீன் காட்சியகத்திற்குக் கடல் எதிரிலேயே இருந்தது. கடலிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் திருவண்ணாமலையில் அத்தகைய வசதி இல்லாததால், துப்புரவு உயிரிகளைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியும் இங்கே வேறு விதமாக எழுகிறது.

வேங்கிக்கால், நகரின் வடபுறத்தில் வேலூர்ச் சாலையை ஒட்டி மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள பகுதி. இங்கே மீன் வளர்ப்போர் பெரும்பாலும் நன்னீர்த் தொட்டியில் தொடங்கிக் கடல்நீருக்கு வருபவர்கள். வரும்போது சக்கர் மீனைப் பற்றிய ஒரு நம்பிக்கையையும் உடன் கொண்டுவருகிறார்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் கண்ணாடியில் வாயை ஒட்டவைத்து நிற்பதால், ஊரெங்கும் ‘டேங்க் கிளீனர்’ என்றே விற்கப்படுகிறது. ஒன்றை வாங்கிவிட்டால் தொட்டியைக் கழுவ வேண்டியதில்லை என்று கடைக்காரரும் சொல்கிறார், வாங்குபவரும் நம்புகிறார். பெரிதானபின் வளர்க்க மாட்டாமல் ஏரியில் விடப்பட்ட சக்கர்கள் பிற மீன்களுக்கு இடைஞ்சலாகப் பெருகியிருப்பது தனிக்கதை. “அண்ணே, மரைன் டேங்குக்கும் அது மாதிரி ஒண்ணு இருக்குமில்ல?” என்ற கேள்வி வேங்கிக்காலில் கடல்நீர்த் தொட்டி அமைப்பவர் எவரும் கேட்டுப் பழகியது. அப்படி ஒன்று இல்லை என்பதே நேர்மையான விடை. ஒவ்வொரு உயிரும் பெரும்பாலும் ஒரு வகை உணவையே நாடும் என்பதால், தொட்டியில் எந்த உணவு மிஞ்சுகிறது என்று பார்த்து, அதற்குப் பசியுள்ள உயிரை, அந்த உணவு எத்தனை வாய்க்குப் போதுமோ அத்தனையே வாங்க வேண்டும்.

எந்த உணவு மிஞ்சும் என்பதை இவ்வூரில் முதலில் தீர்மானிப்பது ஆழ்துளைக் கிணற்று நீர். கடினப்பாறையின் வெடிப்புகளினூடே வரும் அந்நீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் மட்டுமின்றிச் சிலிக்காவும் கரைந்திருப்பது இயல்பு. அந்நீரிலேயே உப்பைக் கரைத்துத் தொட்டியை நிரப்பினால், சிலிக்காவைக் கொண்டு ஓடு கட்டிக்கொள்ளும் டயாட்டம் என்னும் ஒருசெல் பாசி சில நாள்களிலேயே மணலையும் கல்லையும் பழுப்புத் தூளாக மூடிவிடும். ஆர்.ஓ. கருவி சிலிக்காவின் பெரும்பகுதியைக் குறைக்கிறது. அதற்கப்பால் அயனி நீக்கும் பிசின் வடிகட்டி ஒன்றையும் பொருத்தினால் மிச்சமும் பிடிபடும். டி.டி.எஸ். மீட்டரில் சுழியத்தை ஒட்டிய எண் வரும் நீரையே உப்புக் கரைக்கப் பயன்படுத்துவது அனுபவமுள்ளோர் வழக்கம். வீதியில் வரும் கேன் தண்ணீர் குடிப்பதற்கு நல்லதாக இருக்கலாம். சுவைக்காகத் தாது சேர்க்கப்படுவதும் உண்டு என்பதால் மீட்டரை வைத்துப் பார்க்காமல் அதை நம்புவதற்கில்லை.

பழுப்புத் தூள் புதிய தொட்டியில் எப்படியும் கொஞ்சம் வரும், தானே போகவும் செய்யும். அதைக் கண்டு பதறி முதல் வாரத்திலேயே நத்தை வாங்குவதுதான் இத்தொழிலில் மிகுதியாகக் காணும் வீண்செலவு. அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குமுன் உள்ளே விட்ட நத்தை, மேய்ச்சல் நிறைய இருந்தும், நீரின் நஞ்சில் ஓட்டுக்குள் சுருங்கிக் கிடந்து செத்துப்போகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் தென்படாமல், கண்ணாடியில் பச்சைப் படலம் விரல் வைத்தால் தடம் விழும் அளவுக்கு வந்தபிறகே முதல் நத்தைக்கு உணவு இருக்கிறது எனலாம்.

நத்தைகளுள் இந்த மேய்ச்சலுக்கு மிகப் பொருத்தமானவை கூம்பு வடிவ டிரோக்கஸ் இனங்களும், உருண்டு திரண்ட டர்போ இனங்களும், அலை மோதும் பாறைகளில் வாழும் நெரைட் இனங்களுமாகும். விளக்கணைத்த தொட்டியில் டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துக் கண்ணாடியைப் பார்த்தால், டர்போவின் வாய் திறந்து திறந்து மூடுவதும், ஒவ்வொரு முறையும் அரம் போன்ற ஒரு பழுப்பு நாக்கு வெளிவந்து கண்ணாடியைச் சுரண்டி உள்ளே போவதும், அது போன வழியில் பச்சைப் படலத்தினூடே வளைந்து வளைந்து ஒரு தெளிந்த கோடு நீள்வதும் தெரியும். அரநாக்கு எனப்படும் அவ்வுறுப்பில் வரிசை வரிசையாக நுண்பற்கள் இருக்கின்றன; தேயத் தேயப் பின்னாலிருந்து புதியவை முன்வருகின்றன. அந்தக் கோட்டின் அகலத்தைக் கண்டவர்களுக்கு ஒரு நத்தை ஓர் இரவில் எவ்வளவு மேயும் என்ற மதிப்பு தானே வந்துவிடும். விரல்நீளத்திற்கு வளர்ந்துவிட்ட முடிப்பாசியை இந்த நாக்கு சுரண்டாது என்பதும் அப்போதே விளங்கும். அதைக் கையால் பிடுங்கி, கட்டை மயிராக ஆக்கிக்கொடுத்தால் மட்டுமே நத்தை மீதியை மேயும்.

டிரோக்கஸுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. கண்ணாடியிலிருந்து நழுவி மணலில் மல்லாந்து விழுந்தால், அது தன் பாதத்தை நீட்டி முறுக்கித் தானே நிமிர்ந்துகொள்ளும். ஓடு கனத்த பல நத்தைகளால் அது இயலுவதில்லை. யாரும் கவனிக்காவிட்டால் நண்டுக்கு இரையாகும், அல்லது கிடந்த இடத்திலேயே சாகும். செத்த நத்தை ஒன்று சிறிய தொட்டியின் அம்மோனியாவை ஒரே இரவில் உயர்த்தும் வல்லமை பெற்றது என்பதால், அசையாத நத்தையை வெளியே எடுத்து முகர்ந்து பார்க்கும் பழக்கம் இத்தொழிலில் அருவருப்பாகக் கருதப்படுவதில்லை. உயிருள்ளது கடல்வாடை மட்டுமே வீசும். செத்ததன் நாற்றத்தை ஒருமுறை நுகர்ந்தவர் மறப்பதில்லை. நெரைட் நத்தை அலைமட்டத்திற்கு மேலே ஏறிப் பழகிய இனமாதலால், மூடியில்லாத தொட்டியிலிருந்து இரவில் வெளியேறிக் காலையில் வரவேற்பறைத் தரையில் கிடக்கும். கண்ணாடியெங்கும் எள் போன்ற வெள்ளை முட்டைகளையும் ஒட்டிவைக்கும். வீட்டிலுள்ளோர் அதைக் கறை என்றே எண்ணுவர்.

சோழியைப் பற்றி நூல்கள் அதிகம் பேசுவதில்லை, ஆனால் அது பேசத்தக்கது. தாயக்கட்டத்திலும் குறி சொல்வதிலும் உருட்டப்படும் சிறிய வெண்சோழி உயிரோடு இருக்கும்போது இரவில் பாசி மேயும் நத்தை. ஓட்டின் இருபுறமிருந்தும் மெல்லிய சதைப்போர்வை எழுந்து முதுகில் கூடி அதை முழுதும் மூடிக்கொள்வதால்தான் அந்த ஓடு அவ்வளவு வழவழப்பாக இருக்கிறது. பெரிய புலிச்சோழியோ வளர்ந்தபின் பஞ்சுயிரிகளையும் மென்பவளத்தையும் தின்னக்கூடியது. நிலைபெறாத கல்லடுக்கைத் தள்ளிச் சரிக்கவும் செய்யும். கடற்கரையில் கிடைத்ததென்று எந்தக் கூம்புச் சங்கையும் கையிலெடுத்துத் தொட்டியில் போடலாகாது. கூம்புநத்தைகள் நச்சூசியால் இரையைக் கொல்பவை. அவற்றுள் சில இனங்கள் மனிதரையும் கொன்றிருக்கின்றன.

மேய்வன போக, மணலுக்குள் வாழும் நசாரியஸ் என்னும் நத்தையும் வேண்டப்படுவது. பகல் முழுதும் மணலில் புதைந்து, மூச்சுக்குழலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இது, இறால் துண்டொன்று நீரில் விழுந்த சிறிது நேரத்தில் மணலைப் பிளந்துகொண்டு எழுந்து, மணம் வரும் திசைக்கு விரைகிறது. மீன் செத்து எங்கோ கல்லிடுக்கில் கிடந்தால் அதை முதலில் கண்டுபிடிப்பதும் இதுவே. இது பாசியைத் தொடுவதில்லை. பாசிக்காக நசாரியஸை வாங்குவதும், அழுகலைத் தின்ன டர்போவை வாங்குவதும் ஒரே வகைத் தவறுகள்.

இவ்வளவும் சொன்னபிறகு சட்டத்தைச் சொல்லாமல் விடுவது பொறுப்பாகாது, ஏனெனில் அயல்நாட்டு நூல்கள் முதலிடம் தரும் சில உயிர்களை இந்தியாவில் பிடிக்கவோ விற்கவோ முடியாது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் அட்டவணைகளில் 2001 ஜூலையில் கடல்வாழ் உயிர்கள் பல சேர்க்கப்பட்டன: கடல் அட்டைகள் அனைத்தும், கடல்குதிரைகள், கல்பவளங்கள், கடல்விசிறிகள், பெருஞ்சிப்பிகள், இவற்றோடு நத்தை சங்கு வகைகள் சில. அந்தச் சங்குப் பட்டியலில் டிரோக்கஸ் நைலோட்டிகஸும் டர்போ மார்மொரேட்டஸும் உள்ளன. இரண்டும் முத்துப்பொத்தானுக்கும் அலங்காரப் பொருளுக்குமாக உலகெங்கும் அளவின்றி எடுக்கப்பட்ட பெருநத்தைகள். அவற்றின் சிற்றின உறவுகளான டிரோக்கஸ் ரேடியேட்டஸ், டர்போ புரூனியஸ் போன்றவை தமிழகப் பாறைக்கரைகளில் வாழ்பவை, அப்பட்டியலில் இடம்பெறாதவை. விற்பவர் ‘டிரோக்கஸ்’ என்று மட்டும் சொன்னால் எந்த டிரோக்கஸ் என்று கேட்பது வாங்குபவரின் கடமையாகிறது. 2022-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அட்டவணைகளையே மாற்றியமைத்து 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்திருப்பதால், பழைய அச்சுப் பட்டியலை வைத்துக்கொண்டு முடிவு செய்யவும் கூடாது. இனம் உறுதியாகத் தெரியாத நத்தையை வாங்காமல் விடுவதே இங்கே பின்பற்றத்தக்க முறை. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளை உள்ளடக்கி 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவிற்குள்ளிருந்து எதையும் எடுக்கக்கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. நுண்ணுயிர்களும் சிறுபுழுக்களும் குடியிருக்கும் ‘லைவ் ராக்’ என்ற பவளக்கல்லும் சட்டத்தின் பிடிக்குள் வருவதால், இங்குள்ள தொட்டிகளில் சுட்ட மண் கற்களோ செயற்கைக் கற்களோ இடப்படுகின்றன. அவற்றில் இயற்கையான துப்புரவுக் கூட்டம் இராது என்பதும் நத்தையை எண்ணும்போது நினைவில் இருக்க வேண்டியது.

கடல் அட்டையின் நிலை இன்னும் சிக்கலானது. மணலை விழுங்கி, அதிலுள்ள மக்கிய பொருளைச் செரித்து, சுத்தமான மணலை மறுமுனையில் கயிறாக வெளியேற்றும் இந்த உயிரைவிட மணல்தளத்துக்கு ஏற்ற துப்புரவாளர் இல்லை என்று மேலைநாட்டு வளர்ப்போர் கொண்டாடுவர். மண்டபம், இராமேசுவரக் கரையில் வெள்ளை அட்டை, குச்சி அட்டை, நூல் அட்டை, ராஜ அட்டை எனப் பெயர் சொல்லிப் பிரித்தறியும் மீனவர் தலைமுறைகள் உண்டு. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையம் 1988-இலேயே வெள்ளை அட்டையின் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கிக் காட்டியது. ஆயினும் 2001-க்குப் பிறகு அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். பாக் நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அதே அட்டை பண்ணைகளில் வளர்க்கப்பட்டு ஏற்றுமதியாகிறது, இக்கரையிலோ கடத்தல் வழக்குகளில் மூட்டை மூட்டையாகப் பிடிபடுகிறது. தடை சரியா என்பதில் மீனவருக்கும் அரசுக்கும் நெடுநாள் வழக்கு உண்டு. தொட்டி வளர்ப்போருக்கு அந்த வழக்கில் இடமில்லை. தடை இல்லாதிருந்தாலும் சிறிய வீட்டுத் தொட்டிக்கு இதைப் பரிந்துரைப்பது தவறாகவே இருக்கும். பசியால் மெலிந்தோ பம்பில் சிக்கியோ அட்டை சாகும்போது அதன் உடலிலுள்ள ஹோலோதூரின் என்ற நஞ்சு நீரில் கலந்து மீன்களையும் கொல்லும். நூல் அட்டை பயந்தால் ஒட்டும் வெண்ணிழைகளைப் பீய்ச்சிவிடும், அதில் சிக்கிய மீன் மீள்வது அரிது.

மணலைக் கிளறும் நட்சத்திர மீனும் இவ்விதமே. தட்டையான உடலும் ஓரங்களில் முள்வரிசையுமுள்ள அது, மணலிலுள்ள சிறுபுழு, சிறுநத்தை, நுண்சிப்பி அனைத்தையும் சில மாதங்களில் தின்று தீர்த்து, பிறகு உண்ண ஏதுமின்றிக் கையொன்று கையொன்றாகச் சிதைந்து சாகிறது. அழகுக்காக விற்கப்படுகிறது, துப்புரவுக்கு என்று சொல்லி. சட்டத்தடை இல்லாத இடத்தில் தொழில்நெறி தடுக்க வேண்டிய உயிர் இது.

துறவி நண்டைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. உடலின் பின்பாதி மென்மையாக இருப்பதால் காலியான நத்தை ஓட்டுக்குள் அதைச் செருகிக்கொண்டு வாழும் இந்நண்டு, தீனி மிச்சம், செத்த மீன், முடிப்பாசி என எதையும் விடுவதில்லை; ஆட்களுக்கும் அது நடமாடுவதைப் பார்ப்பதில் விருப்பம். ஆனால் வளர வளர அதற்குப் பெரிய ஓடு வேண்டும். கிடைக்காவிட்டால் நத்தையைக் கொன்று ஓட்டைப் பறிக்கும். வெவ்வேறு அளவிலான காலி ஓடுகளைத் தொட்டியில் போட்டுவைத்தால் கொலை குறைகிறது, நிற்பதில்லை. இதனால் நத்தையா நண்டா என்ற கேள்விக்கு இரண்டும் என்ற விடை பலருக்கு உவப்பாக இருந்தாலும், இருநூறு லிட்டருக்குட்பட்ட தொட்டியில் நத்தை மட்டும் போதும் என்பதே இங்கே பரிந்துரைக்கத்தக்கது. சுற்றுலாக் கடற்கரைகளில் வண்ணம் பூசிய ஓட்டோடு விற்கப்படுபவை நிலத்துறவி நண்டுகள். அவை காற்றைச் சுவாசிப்பவை, தொட்டி நீரில் மூழ்கடித்தால் மூச்சுமுட்டிச் சாகும்.

இறால்களுள், முதுகில் வெள்ளைக்கோடு ஓடும் செந்நிற ‘கிளீனர் ஷ்ரிம்ப்’ மீன்கள் வந்து வரிசையில் நிற்கும் அளவுக்குப் புகழ்பெற்றது. அது மீனைத் துப்புரவு செய்வது, தொட்டியை அன்று. லட்சத்தீவின் அகத்தித் தீவில் தேசிய மீன் மரபணு வளப் பணியகம் அலங்கார இறால்களை வளர்ப்பிலேயே இனப்பெருக்கம் செய்து, தீவுப் பெண்களுக்கு அவற்றை வளர்க்கும் பயிற்சியும் அளித்துள்ளது. கடலிலிருந்து பிடித்ததை விட அத்தகைய வளர்ப்பு இறாலைத் தேடி வாங்குவது எல்லா வகையிலும் மேல். இறால் வளர்ப்போருக்கு முதல் மாதத்தில் நேரும் அதிர்ச்சி ஒன்றுண்டு: மீசை முதல் வால் வரை எதுவும் குறையாத வெற்றுடல் ஒன்று மணலில் கிடக்கும். செத்துவிட்டது என்று எடுத்து எறிகையில், கல்லிடுக்கில் மென்தோலோடு உயிருள்ள இறால் ஒளிந்திருப்பதைக் காணலாம். கழற்றிய சட்டையை ஓரிரு நாள் அப்படியே விட்டுவைத்தால் அதிலுள்ள தாதுவைத் தானே தின்று மீட்டுக்கொள்ளும் இறாலும் உண்டு.

இறாலையும் நத்தையையும் கொல்வது பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கிறது. செம்பு முதுகெலும்பில்லாக் கடலுயிர்களுக்குக் கொடிய நஞ்சு. மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்குத் தரப்படும் மருந்துகள் பல செம்பைக் கொண்டவை என்பதால் அம்மருந்தை மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றித்தான் கொடுக்க வேண்டும். உடல்நலம் கருதிச் செப்புக்குடத்தில் ஊறவைத்த நீரை, ஆவியான அளவை ஈடுசெய்ய, நல்லெண்ணத்தோடு தொட்டியில் ஊற்றும் வழக்கமும் இவ்வூர் வீடுகளில் கேள்விப்படாததன்று. எதனால் நத்தைகள் ஒவ்வொன்றாக விழுகின்றன என்பது அத்தகைய வீட்டில் வழக்கமான சோதனைத் தாள்களில் தெரியாது, சமையலறையைப் பார்த்தால்தான் தெரியும். கொசுவத்தியிலும் மின்செருகியில் ஆவியாகும் கொசுத்திரவத்திலும் உள்ள பைரித்திராய்டு வகை மருந்து பூச்சிகளைப் போலவே அவற்றின் உறவினங்களான இறாலையும் நண்டையும் தாக்கும். காற்றுப் பம்பு அறையின் காற்றை இழுத்து நேரே நீருக்குள் குமிழாக விடுகிறது. ஏரிக்கரையை அடுத்த தெருக்களில் கொசுவைத் தவிர்க்க முடியாது. பம்பை வேறறையில் வைத்துக் குழாயை மட்டும் தொட்டிக்குக் கொண்டுவருவதும், வலை கட்டிக்கொள்வதும் எளிய தீர்வுகள்.

ஏப்ரல், மே மாதங்களில் இவ்வூரில் வெயில் நாற்பது பாகையைத் தொடுவதும் உண்டு. கடல்நீரில் 25 பாகை வெப்பத்தில் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் அளவு ஆக்சிஜன் கரையும். 30 பாகையில் அது 6.2 ஆகக் குறையும், அதே நேரத்தில் உயிர்களின் மூச்சுத்தேவை கூடும். நீர்க்குளிரூட்டியான சில்லர் விலை மிகுந்தது என்பதால் நீர்ப்பரப்பின்மேல் சிறு விசிறி ஒன்றை ஓடவிடுவர். அது ஆவியாதலால் குளிரச்செய்கிறது, ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு அங்கேயே தங்குகிறது. நீரில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஆயிரத்துக்கு 35 என்றிருந்த உப்பு ஏறத்தாழ 39 ஆகிவிடும். மீன் இதைத் தாங்கலாம். நத்தையும் இறாலும் உடல்நீரின் உப்பைச் சுற்றுநீருக்கு ஏற்ப விட்டுக்கொடுக்கும் உயிர்கள் என்பதால் முதலில் அவையே ஒடுங்கும். குறைந்த நீரை உப்பில்லாத ஆர்.ஓ. நீரால் அன்றாடம் நிரப்புவதைப் பொறுத்தே கோடையில் எவை பிழைக்கும் என்பது அமைகிறது. மின்தடையில் பம்பு நின்றுபோனால் இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் நத்தைகள் நீர்மட்டத்தை நோக்கி ஏறும். அதைக் கண்டால் மணியைப் பார்க்காமல் பேட்டரி பம்பைப் போட வேண்டும்.

உப்புக் கலவைக்குப் பதிலாகக் கடல்நீரையே புதுச்சேரி, கடலூர்க் கரையிலிருந்து கேனில் கொண்டுவரலாமே என்று கேட்போர்க்குச் சாத்தனூர் அணையை நினைவூட்டுவது வழக்கம். செங்கம் பக்கம் தென்பெண்ணையில் கட்டப்பட்ட அந்த அணை நிரம்பித் திறக்கப்பட்டால் நீர் கடலூர் அருகே கடலில் கலக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெங்கல் புயல்மழையின்போது விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கும் மேல் நீர் திறந்துவிடப்பட்டது. அத்தகைய நாள்களில் முகத்துவாரத்தை ஒட்டி எடுத்த கடல்நீரில் உப்பும் குறைந்திருக்கும், வயல்களின் உரமும் கலந்திருக்கும்.

உயிர்கள் பெரும்பாலும் சென்னை கொளத்தூர்ச் சந்தையிலிருந்து, பிளாஸ்டிக் பையில் நீரும் ஆக்சிஜனும் அடைத்து, தெர்மாகோல் பெட்டியில் பேருந்துப் பார்சலாக வருகின்றன. பௌர்ணமி நாளும் கார்த்திகைத் தீபமும் இதற்கு ஆகாத நாள்கள். கிரிவலக் கூட்டத்தில் பேருந்துகள் தற்காலிக நிலையங்களுக்குத் திருப்பப்படுவதால், இரவில் வரவேண்டிய பெட்டி வெயிலேறிய பிறகே கைக்கு வரும். வந்த பையை உடனே தொட்டியில் கவிழ்க்காமல், காற்றுக்குழாயில் முடிச்சிட்டுத் தொட்டிநீரைச் சொட்டுச்சொட்டாக ஒரு மணிநேரமோ கூடுதலாகவோ கலந்து பழக்குவது மீனைவிட இவற்றுக்கே இன்றியமையாதது.

எத்தனை வாங்குவது என்பதில் அயல்நாட்டு அட்டவணைகள் காலனுக்கு ஒரு நத்தை, ஒரு நண்டு என்று கணக்குச் சொல்லும். அவை கரீபியக் கடலின் இனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை; விற்பவருக்கு நன்மையானவையும் கூட. மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட தொட்டி ஏறத்தாழ 190 லிட்டர் கொள்ளும். அதற்கு அக்கணக்கின்படி ஐம்பது நத்தை வரும். இங்கே ஐந்தாறு சிறிய டர்போ அல்லது டிரோக்கஸும் சில நசாரியஸும் கொண்டு தொடங்கி, இரண்டு மாதம் கழித்துக் கண்ணாடியைப் பார்த்து, மேய்ச்சல் மிஞ்சினால் மட்டும் இன்னும் இரண்டைச் சேர்ப்பது போதுமானது. செந்நிறச் சளியாகப் படரும் நீலப்பச்சை நுண்ணுயிரை இவற்றில் எதுவும் தின்னாது என்பதால் அதற்கென்று நத்தையைக் கூட்டுவதில் பயனில்லை. நீரோட்டத்தைக் கூட்டி, தீனியைக் குறைத்து, உறிஞ்சியெடுக்க வேண்டும்.

மேயும் உயிர் குறைந்தால் என்னவாகும் என்பதைக் கடலே ஒருமுறை பெரிய அளவில் காட்டியது. 1983-84-இல் கரீபியக் கடலில் நீள்முள் கடல்முள்ளெலிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் ஒரு கொள்ளைநோயில் மடிந்தன. மீன்பிடிப்பால் மேயும் மீன்களும் ஏற்கெனவே குறைந்திருந்த ஜமைக்காவில், பவளத்திட்டுகளைப் பாசி மூடியது. தொட்டியில் நேர்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு: மேய்வன மிகுந்து, பாசி தீர்ந்து, கண்ணாடி பளிச்சென்று இருக்கும்போது உரிமையாளர் மகிழ, நத்தைகள் பட்டினியில் ஓட்டுக்குள் மெலிகின்றன. பளிச்சென்ற கண்ணாடியே எச்சரிக்கை. அப்போது வாரத்தில் ஓரிரு முறை, சுஷிக்காக விற்கப்படும் உப்பிடாத நோரி என்னும் காய்ந்த கடற்பாசித் தாளில் விரலகலத் துண்டு ஒன்றைக் கல்லில் ரப்பர் வளையத்தால் கட்டி இரவில் விட்டு, காலையில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். அதையும் தின்று தீர்க்காத எண்ணிக்கையே அத்தொட்டிக்கு உரியது. மிகுதியானவற்றை வேறு தொட்டிக்காரருக்கோ வாங்கிய கடைக்கோ தர வேண்டுமே தவிர, அடுத்த முறை புதுச்சேரி போகையில் கடலில் விட்டுவரக் கூடாது, ஏனெனில் இந்தோனேசியாவிலிருந்து வந்ததா மண்டபத்திலிருந்து வந்ததா என்பது ஓட்டைப் பார்த்து எவருக்கும் தெரிவதில்லை, தொட்டியில் தொற்றிய நோயும் அதோடு சேர்ந்தே போகும்.